ஒரே கடனுக்கு இரண்டு விலை: வால் ஸ்ட்ரீட் போராட்டத்தின் வரவு செலவுக் கணக்கு

2011 செப்டம்பர் 13 அன்று அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை முந்தைய ஆண்டின் வறுமைக் கணக்கை வெளியிட்டது. வறுமைக் கோட்டுக்குக் கீழே 4 கோடியே 62 லட்சம் பேர், நூற்றுக்கு 15.1. அந்தத் துறை இந்தக் கணக்கை வெளியிட்டுவந்த 52 ஆண்டுகளில் எண்ணிக்கை இவ்வளவு உயர்ந்ததில்லை. வருமான வரிசையின் நடுவில் நிற்கும் குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 49,445 டாலர். விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் இது 2007ஆம் ஆண்டைவிட 6.4 சதவீதம் குறைவு.

நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 17 சனிக்கிழமை, நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட் பங்குச்சந்தைப் பகுதியில் ஒரு சிறு பூங்காவில் சில நூறு பேர் வந்து உட்கார்ந்தார்கள். கனடாவின் ‘ஆட்பஸ்டர்ஸ்’ இதழ் ஜூலை மாதமே நாள் குறித்து அழைப்பு விடுத்திருந்தது. “நாங்கள் 99 சதவீதம்” என்பது அவர்களுடைய முழக்கம். “உங்கள் கோரிக்கைதான் என்ன? பட்டியல் எங்கே?” என்று கேட்காத தொலைக்காட்சி இல்லை.

பட்டியல் இல்லைதான். ஆனால் கணக்கு இருந்தது. வங்கிகளை மீட்ட செலவு, வீடிழந்தவர்களுக்குக் கிடைத்தது, போராட்டத்தை அடக்கிய செலவு, கடைசியில் போராட்டக்காரர்களே சந்தைக்குப் போய் வாங்கிய கடன் ஆகியவற்றை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் எல்லாப் பக்கத்திலும் ஒரே விஷயம் வந்து நிற்கிறது. ஒரே சரக்குக்கு மேலே ஒரு விலை, கீழே ஒரு விலை. (அன்றைக்கு ஒரு டாலர் சுமார் 50 ரூபாய். கீழே தொகைகள் எல்லாம் டாலரில், லட்சம், கோடி என்ற எண்ணிக்கையில்.)

1. மீட்புக் கணக்கு

2008 அக்டோபர் 3 அன்று அமெரிக்க நாடாளுமன்றம் வங்கிகளைக் காப்பாற்ற ஒதுக்கிய தொகை 70,000 கோடி டாலர். பின்னர் வரம்பு 47,500 கோடியாகக் குறைக்கப்பட்டது. கையை விட்டுப் போனது சுமார் 44,300 கோடி. இதில் வங்கிகளுக்கு மட்டும் 24,500 கோடி. சிட்டி குழுமத்துக்கு 4,500 கோடி, பாங்க் ஆஃப் அமெரிக்காவுக்கும் 4,500 கோடி, ஜே.பி. மார்கனுக்கு 2,500 கோடி, கோல்ட்மேன் சாக்ஸுக்கு 1,000 கோடி.

நேர்மையான கணக்கில் வரவையும் எழுத வேண்டும். வங்கிகளுக்குக் கொடுத்த 24,500 கோடிக்குத் திரும்பி வந்தது சுமார் 27,500 கோடி. 18,200 கோடி வரை கைகொடுத்துத் தூக்கிய ஏ.ஐ.ஜி. காப்பீட்டு நிறுவனத்திலும் 2012இல் அரசுக்கு 2,270 கோடி மிச்சம். “வரிப்பணம் லாபத்தோடு திரும்பிவிட்டதே, பிறகு எதற்குக் கூச்சல்?” என்ற கேள்வி இங்கிருந்துதான் பிறந்தது.

கொடுத்தது திரும்பியதா என்று பார்த்தால் போதாது. என்ன வட்டிக்குக் கொடுத்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். அரசு வங்கிகளிடம் முதல் ஐந்தாண்டுக்குக் கேட்டது 5 சதவீதம். அதற்குச் சில வாரங்கள் முன்பு, 2008 செப்டம்பரில், வாரன் பஃபெட் அதே கோல்ட்மேன் சாக்ஸில் 500 கோடி போட்டார். அவர் வாங்கிய விகிதம் 10 சதவீதம். ஒரே நிறுவனம், ஒரே நெருக்கடி. தனியார் முதலாளியிடம் பத்து கொடுத்த வங்கிக்குப் பொதுமக்கள் பணம் ஐந்துக்குக் கிடைத்தது. அந்தப் பொதுமக்கள் தங்கள் கடன் அட்டைக்கு அந்த ஆண்டுகளில் கட்டிய வட்டி சராசரியாக 13 முதல் 14 சதவீதம்.

இன்னும் கூர்மையான பதிவு ஏ.ஐ.ஜி. கணக்கில் இருக்கிறது. வீட்டுக் கடன் பத்திரங்கள் மூழ்கினால் ஈடுகட்டுவதாக ஏ.ஐ.ஜி. பெரிய வங்கிகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தது. பத்திரங்கள் மூழ்கின. சந்தையில் அவற்றின் விலை பாதாளத்தில் கிடந்தது. ஆனாலும் 6,210 கோடி முகமதிப்புள்ள பத்திரங்களை டாலருக்கு நூறு சென்ட் என்ற கணக்கில், ஒரு சென்ட் தள்ளுபடியும் இல்லாமல், நியூயார்க் மத்திய ரிசர்வ் வங்கி தீர்த்துவைத்தது. மீட்புத் திட்டத்தின் சிறப்புத் தணிக்கையாளர் 2009 நவம்பரில் கொடுத்த அறிக்கை இதை விரிவாகச் சொல்கிறது. மற்றவர்களும் இறங்கிவந்தால் தானும் 2 சதவீதம் விட்டுக்கொடுப்பதாக ஒரே ஒரு வங்கி, சுவிட்சர்லாந்தின் யு.பி.எஸ்., சொன்னது. மற்றவர்கள் இறங்கவில்லை. ஏ.ஐ.ஜி. வழியாக கோல்ட்மேன் சாக்ஸுக்கு மட்டும் போய்ச் சேர்ந்தது 1,290 கோடி.

நூறு சென்ட் என்ற இந்த எண் பின்னால் தேவைப்படும்.

2. போனஸ் கணக்கு

2008ஆம் ஆண்டு ஒன்பது பெரிய வங்கிகள் அரசிடம் வாங்கிய உதவி 17,500 கோடி. அதே ஆண்டுக்கு அவை ஊழியர்களுக்குக் கொடுத்த போனஸ் 3,260 கோடி. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் 2009 ஜூலையில் வெளியிட்ட அறிக்கைப்படி, பத்து லட்சம் டாலருக்குக் குறையாமல் போனஸ் வாங்கியவர்கள் 4,793 பேர். அதாவது இவர்களுக்குப் போனது மட்டும் குறைந்தபட்சம் 479 கோடி.

ஏ.ஐ.ஜி.யை மூழ்கடித்த நிதிப் பிரிவின் ஆட்களுக்கு 2009 மார்ச்சில் கொடுக்கப்பட்ட போனஸ் 16.5 கோடி. “ஒப்பந்தம் போட்டாகிவிட்டது, மீற முடியாது” என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். இதையும் குறித்துக்கொள்வோம்.

3. வீட்டுக் கணக்கு

2010ஆம் ஆண்டில் மட்டும் ஜப்தி நோட்டீஸ் போன வீடுகளும் சொத்துகளும் 28,71,891. அதற்கு முந்தைய ஆண்டும் 28 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

கடன் தவணையைக் குறைத்து வீட்டைக் காப்பாற்ற 2009இல் அரசு ஒரு திட்டம் அறிவித்தது. இலக்கு 30 முதல் 40 லட்சம் குடும்பங்கள். திட்டம் மூடப்படும் வரை நிரந்தரமாகத் தவணை மாற்றப்பட்டவை 20 லட்சத்தைக்கூட எட்டவில்லை. வங்கிக்குக் கொடுக்கும்போது சில பக்க விண்ணப்பத்தில் வேலை முடிந்தது. வீட்டுக்காரருக்கோ சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு, கஷ்டத்தை விளக்கிக் கடிதம், மூன்று மாதச் சோதனைத் தவணை என்று படிக்கட்டு நீண்டது.

ஆவணங்களைப் படித்தே பார்க்காமல் கையெழுத்துப் போட்டு வீடுகளை ஜப்தி செய்தார்கள் என்ற வழக்கில் ஐந்து வங்கிகள் 2012 பிப்ரவரியில் 49 மாநிலங்களோடு 2,500 கோடிக்குச் சமரசம் செய்துகொண்டன. தலைப்புச் செய்தியில் வந்த தொகை அது. அதில் ஏற்கெனவே வீடிழந்தவர்களுக்கு ரொக்கமாகப் பிரித்துக் கொடுக்க ஒதுக்கியது 150 கோடி. வீடிழந்த ஒருவருக்கு வந்த காசோலை சுமார் 1,480 டாலர். ஒரு வீட்டுக்கு 1,480. முந்தைய பக்கத்தின் 4,793 பேருக்குப் போனதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, நாடு முழுவதும் வீடிழந்தவர்களுக்கு ஒதுக்கிய அந்த 150 கோடி.

4. இடம்: 33,000 சதுர அடி

முற்றுகை நடந்த சுக்கோட்டி பூங்காவின் பரப்பு 33,000 சதுர அடி. சென்னைக் கணக்கில் பதினான்கு கிரவுண்டுகூட இல்லை. பூங்கா அரசுடையது அல்ல. புரூக்ஃபீல்டு என்ற ரியல் எஸ்டேட் நிறுவனத்துக்குச் சொந்தம். 1968இல் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் பக்கத்தில் கட்டிய அடுக்குமாடிக்குக் கூடுதல் உயரம் கேட்டது. அதற்கு ஈடாகப் பொதுமக்களுக்கு ஒரு திறந்தவெளி கொடுக்க ஒப்புக்கொண்டது. அந்த ஒப்பந்தப்படி இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். நகராட்சிப் பூங்காக்களை இரவில் பூட்டலாம். இதைப் பூட்ட முடியாது. போராட்டம் நிலைத்ததற்கு இந்த விதி ஒரு முக்கியக் காரணம்.

ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. பேசுபவர் ஒரு வாக்கியம் சொல்ல, முன்வரிசை அதைத் திருப்பிச் சொல்ல, பின்வரிசை அதை வாங்கிச் சொல்ல, அப்படித்தான் கூட்டம் நடந்தது. சமையல்கூடம் நாளொன்றுக்கு ஆயிரம் பேருக்கு மேல் சோறு போட்டது. அக்டோபர் முடிவுக்குள் வந்து சேர்ந்த நன்கொடை சுமார் 5 லட்சம் டாலர்.

அவர்கள் அங்கே உட்கார்ந்திருந்தபோதே, அக்டோபர் 25 அன்று, நாடாளுமன்றத்தின் நிதிநிலை அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1979 முதல் 2007 வரை, வரி போகக் கையில் நின்ற வருமானம், விலைவாசியைக் கழித்து, எவ்வளவு வளர்ந்தது என்பது கணக்கு. உச்சத்தில் உள்ள 1 சதவீதத்துக்கு 275 சதவீதம். அவர்களை அடுத்திருக்கும் 19 சதவீதத்துக்கு 65. நடுவில் உள்ள 60 சதவீதத்துக்கு நாற்பதுக்குச் சற்றுக் குறைவு. அடியில் உள்ள 20 சதவீதத்துக்கு 18. உச்சியில் 100 டாலர் 375 ஆன காலத்தில் அடியில் 100 டாலர் 118 ஆனது. பூங்காவில் அட்டையில் மையால் எழுதியிருந்ததைத்தான் அரசு அலுவலகம் அச்சிட்டுக் கொடுத்தது.

5. காவல் கணக்கு

முற்றுகை தொடங்கி 59 நாள் கழித்து, நவம்பர் 15 அதிகாலை ஒரு மணியளவில் போலீஸ் பூங்காவைக் காலி செய்தது. கைதானவர்கள் சுமார் 200 பேர். அதற்கு முன் அக்டோபர் 1 அன்று புரூக்ளின் பாலத்தில் ஒரே மாலையில் 700க்கும் மேற்பட்டோர் கைது. நாடு முழுவதும் போராட்டத் தரப்பு சேர்த்துவைத்த எண்ணிக்கை 7,700க்கும் மேல்.

2008 நெருக்கடி தொடர்பாகச் சிறைக்குப் போன வால் ஸ்ட்ரீட் உயர் அதிகாரி ஒருவர். கிரெடிட் சுவிஸ் வங்கியில் இருந்தவர். 2013 நவம்பரில் 30 மாதத் தண்டனை. 1980களின் சேமிப்பு வங்கி ஊழலில் 800க்கும் மேற்பட்ட வங்கி அதிகாரிகள் சிறை சென்ற நாடு இது. ஆகவே, சட்டத்தில் இடமில்லை என்று சொல்ல வழியில்லை. இந்தமுறை குற்றத்துக்கான விலையை நிறுவனங்கள் அபராதமாகக் கட்டின: ஜே.பி. மார்கன் 1,300 கோடி, பாங்க் ஆஃப் அமெரிக்கா 1,665 கோடி. கட்டியது பங்குதாரர் பணம். கையெழுத்துப் போட்ட ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள்.

நியூயார்க் போலீஸுக்குப் போராட்டத்தால் ஆன கூடுதல் நேரச் சம்பளம், 2012 மார்ச் வரை, 1.7 கோடி. முதல் இரண்டு மாதத்தில் 18 நகரங்களில் குறைந்தது 1.3 கோடி என்று அசோசியேட்டட் பிரஸ் கணக்கிட்டது. செய்தித்தாள்கள் இதற்குப் “போராட்டத்தின் செலவு” என்று பெயரிட்டன. உண்மையில் இது போராட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதன் செலவு.

அடுத்து நஷ்டஈடு. பூங்கா நூலகத்துக்கு நன்கொடையாக வந்து பட்டியலிடப்பட்டவை 5,554 புத்தகங்கள். வெளியேற்றிய இரவில் சுமார் 3,600 புத்தகங்கள் அள்ளப்பட்டதாகவும், அவற்றில் 2,798 திரும்பவில்லை அல்லது படிக்க முடியாமல் கிழிந்துபோயின என்றும் வழக்கு. 2013 ஏப்ரலில் சமரசம்: புத்தகங்களுக்கு 47,000, வழக்கறிஞர் கட்டணம் 1,86,350. மன்ஹாட்டனில் மிளகு ஸ்ப்ரே அடிக்கப்பட்ட ஆறு பேருக்கு 3,32,500. காரணமின்றிக் கைதான பதினான்கு பேரின் வழக்குக்கு 5.83 லட்சம். ஓக்லாந்தில் போலீஸ் சுட்ட பீன்பேக் குண்டால் மண்டையோடு உடைந்த, ஈராக் போரிலிருந்து திரும்பிய ஒரு படைவீரருக்கு 45 லட்சம்.

கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும். தரையில் அமர்ந்திருந்த மாணவர்கள் முகத்தில் 2011 நவம்பர் 18 அன்று வளாகப் போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடித்தது. 10 லட்சம் டாலர் சமரசத்தில் 21 பேருக்குத் தலைக்கு 30,000. ஸ்ப்ரேயை அடித்த அதிகாரிக்கோ, அந்தச் சம்பவத்துக்குப் பின் தனக்கு ஏற்பட்ட மன உளைச்சலுக்காக, தொழிலாளர் இழப்பீட்டில் 38,055. இணையத்தில் தன் பெயரைச் சுத்தப்படுத்த ஆலோசகர்களுக்குப் பல்கலைக்கழகம் கொடுத்தது குறைந்தது 1,75,000. ஸ்ப்ரேயைக் கண்ணில் வாங்கியவருக்கு ஒரு விலை, அடித்தவருக்கு ஒரு விலை, அதை இணையத்தில் மறைப்பவருக்கு மூன்றாவது விலை.

இந்த ஐந்து சமரசங்களையும் கூட்டினால் சுமார் 66.5 லட்சம். ஏ.ஐ.ஜி.யின் ஒரு பிரிவுக்குக் கொடுத்த 16.5 கோடி போனஸில் இது 4 சதவீதம். ஏறக்குறைய முழுவதும் பொதுப்பணத்திலிருந்து போனது. அடித்தவர் கையிலிருந்து அல்ல.

6. மூன்று சென்ட்

பூங்கா போன பிறகு அங்கிருந்தவர்களில் சிலர் ஒரு வேலை செய்தார்கள். வங்கிகள் வாராக்கடனை என்ன விலைக்கு விற்கின்றன என்று விசாரித்தார்கள்.

வழக்கம் இதுதான். மாதக்கணக்கில் தவணை வராத கடனை வங்கியோ மருத்துவமனையோ கணக்கிலிருந்து தள்ளிவிட்டு, அதன் பட்டியலைப் பழைய பேப்பர்க் கடைக்கு எடைக்குப் போடுவது போல வசூல் நிறுவனங்களுக்கு விற்றுவிடும். டாலருக்குச் சில சென்ட்தான் விலை. வாங்கிய நிறுவனம் கடன்பட்டவரைத் தொலைபேசியில் பிடித்து முழு டாலரையும் கேட்கும். தான் எவ்வளவுக்கு வாங்கியது என்று சொல்லாது.

‘ரோலிங் ஜூபிலி’ என்ற பெயரில் 2012 நவம்பரில் நிதி திரட்டினார்கள். மொத்தம் வந்தது 7,01,317 டாலர். அதை வைத்துக் கடன் பட்டியல்களை வாங்கினார்கள். வசூலிக்கவில்லை, ரத்து செய்தார்கள். கடன்பட்டவர் வீட்டுக்கு “நீங்கள் இனிமேல் எதுவும் கட்ட வேண்டாம்” என்று கடிதம் போனது. முதல் ஓராண்டில் சுமார் 4 லட்சம் செலவில் 1 கோடியே 47 லட்சம் டாலர் கடன் தீர்ந்தது; பெரும்பகுதி மருத்துவக் கடன். மொத்தத்தில் தீர்ந்தது 3,19,82,455 டாலர்.

2014இல் கொரிந்தியன் என்ற லாப நோக்கக் கல்லூரிக் குழுமத்தின் எவரெஸ்ட் கல்லூரி மாணவர்களின் கடன் பட்டியல் ஒன்று கைக்கு வந்தது. கடன் 38,56,866 டாலர். கடன்பட்டவர்கள் 2,761 பேர். வாங்கிய விலை 1,06,709 டாலர். டாலருக்கு மூன்று சென்ட்டுக்கும் கீழே. தலைக்குச் சராசரிக் கடன் 1,397 டாலர்.

இப்போது முதல் பக்கத்தின் எண்ணைப் பக்கத்தில் வையுங்கள். கோல்ட்மேன் சாக்ஸும் கூட்டாளிகளும் கையில் வைத்திருந்த மூழ்கிய பத்திரத்துக்கு அரசு கொடுத்தது நூறு சென்ட். எவரெஸ்ட் மாணவியின் மூழ்கிய கடனுக்குச் சந்தை வைத்த விலை மூன்று சென்ட். ஆனால் அந்த மூன்று சென்ட் விலை அவளுக்குக் கிடையாது, வசூல்காரருக்கு மட்டும். அவளுக்கு நூறு. “ஒப்பந்தத்தை மீற முடியாது” என்ற வாக்கியம் போனஸ் கொடுக்கவும் பயன்பட்டது, தவணை கேட்கவும் பயன்பட்டது.

7. வரவு

போராட்டம் எதையும் சாதிக்கவில்லை என்பது வழக்கமான தீர்ப்பு. பெரிய அளவுகோலில் பார்த்தால் அதற்கு ஆதாரம் உண்டு. 2009 முதல் 2012 வரை பெருகிய வருமானத்தில் நூற்றுக்கு 95 உச்சி 1 சதவீதத்துக்கே போனதாகப் பெர்க்லி பொருளியலாளர் இம்மானுவேல் சயேஸ் 2013இல் கணக்கிட்டார். 2011இல் அடிப்பாதி அமெரிக்கர்களிடம், ஏறத்தாழ 6 கோடிக் குடும்பங்களிடம், இருந்தது நாட்டின் செல்வத்தில் அரை சதவீதத்துக்கும் குறைவு. பத்தாண்டு கழித்து அது இரண்டரை சதவீதத்தை ஒட்டி வந்தது. உச்சி 1 சதவீதத்தின் பங்கு 30ஐத் தாண்டியது. கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையில் மணிக்கு 7.25 டாலர் ஆனது; அதற்குப் பிறகு ஒரு சென்ட்டும் ஏறவில்லை.

சிறிய வரிகளில் வரவு இருக்கிறது. பாங்க் ஆஃப் அமெரிக்கா பண அட்டைக்கு அறிவித்த மாதம் 5 டாலர் கட்டணத்தை முற்றுகை நடக்கும்போதே, நவம்பர் 1 அன்று, கைவிட்டது. பணக்காரர் மீதான கூடுதல் வரியைக் காலாவதியாக விடுவேன் என்றிருந்த நியூயார்க் ஆளுநர் அந்த டிசம்பரில் மனம் மாறி, உச்ச வருமானத்துக்கு 8.82 சதவீதம் வைத்தார்; விட்டிருந்தால் 6.85. 2012 நவம்பர் 29 அன்று நியூயார்க்கில் சுமார் 200 துரித உணவகத் தொழிலாளர்கள் மணிக்கு 15 டாலர் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது சட்டக் கூலி 7.25, கேட்டது இரண்டு மடங்குக்கும் மேல். 2018 முடிவில் பதினோரு பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கு அந்நகரில் 15 டாலர் சட்டமானது. முழுநேரத் தொழிலாளி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,080 மணி நேரம் என்றால் வித்தியாசம் 16,120 டாலர். பெயரளவில் மட்டும்தான், இடையில் விலைவாசியும் ஏறியது.

கடன் பக்கத்தில்தான் வரவு பெருகியது. எவரெஸ்ட் மாணவர்களோடு தொடங்கிய பேரம் 2015இல் கடன் கட்ட மறுக்கும் போராட்டமானது. 2022 ஜூனில் கொரிந்தியன் மாணவர்கள் 5.6 லட்சம் பேரின் 580 கோடி டாலர் கடனை மத்திய அரசு ரத்து செய்தது. பூங்காவில் போராட்டக்காரர்களைச் சந்தித்த முன்னாள் கடன் வசூல்காரர்கள் இருவர் 2014இல் தொடங்கிய தொண்டு நிறுவனம், 2023க்குள் 1,000 கோடி டாலருக்கு மேல் மருத்துவக் கடனைத் தீர்த்திருந்தது. சிகாகோ நகரம் உள்ள குக் மாவட்ட நிர்வாகம் 100 கோடி டாலர் வரையிலான மருத்துவக் கடனைத் தீர்க்க 2022இல் ஒதுக்கிய தொகை 1.2 கோடி. டாலருக்கு ஒரு சென்ட்டும் சொச்சமும். மொத்த விலையில் கடன் வாங்கும் வித்தையை ஓர் அரசு நிர்வாகமே கற்றுக்கொண்டுவிட்டது.

8. ஐந்தொகை

மூழ்கிய பத்திரம், பெரிய வங்கி: டாலருக்கு 100 சென்ட்
மூழ்கிய கடன், வசூல் நிறுவனம் வாங்கும் விலை: சில சென்ட்
அதே கடன், கடன்பட்டவர் கட்ட வேண்டியது: 100 சென்ட்
நெருக்கடியில் அரசுப் பணம், வங்கிக்கு: 5 சதவீதம்
கடன் அட்டை, குடும்பத்துக்கு: 13 முதல் 14 சதவீதம்
சிறை சென்ற உயர் அதிகாரி: 1
கைதான போராட்டக்காரர்கள்: 7,700க்கும் மேல்

“கோரிக்கை என்ன?” என்ற கேள்விக்கு இந்த ஏழு வரியே பதில் சொல்லிவிடுகிறது. எல்லாக் கடனையும் தள்ளுபடி செய்யச் சொல்லும் கணக்கு அல்ல இது. இதைச் சட்டமாக எழுதவும் முடியும்: கடனை மூன்றாம் ஆளுக்கு விற்கும் முன், அதே விலைக்கு வாங்கிக்கொள்ளும் முதல் உரிமையைக் கடன்பட்டவருக்குக் கொடு. கடன் கொடுத்தவருக்கு இதில் ஒரு சென்ட்டும் நஷ்டமில்லை. எந்த விலைக்கு விற்கத் தயாராக இருந்தாரோ அதே விலை அவருக்கு வரும். இழப்பவர் நடுவில் நிற்கும் வசூல்காரர் மட்டும்.

எவரெஸ்ட் கல்லூரிப் பட்டியலை இந்த விதியில் போட்டுப் பாருங்கள். 1,06,709 டாலரை 2,761ஆல் வகுத்தால் தலைக்கு 38 டாலர் 65 சென்ட். அந்த விலையை அந்த மாணவர்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. அவர்களிடம் கேட்டதெல்லாம் 1,397 டாலர்.